அறுநூறு அடியில் ஒரு துடிப்பு

எருமக்காட்டுப் புதூர்க்காரர்கள் இந்தக் கதையைத் தண்ணீரிலிருந்துதான் தொடங்குவார்கள், காய்ந்து கிடந்து தண்ணீரைக் கண்ட சனங்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் சம்பூரணத்துக்கு அது தொடங்கியது புருசனின் மணிக்கட்டில், புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து செங்கோட்டுவேலைக் கூட்டிவந்து வாசலில் இறக்கியபோது, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு தரம் அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையைத் திரும்ப அவன் மடியிலேயே வைத்துவிட்டுப் போனார்களே, அங்கே.

கையில் நாடி இல்லை. இருக்காது என்று டாக்டர் ஹெப்சிபா முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தார். செங்கோட்டுவேல் ரிக் வண்டியில் போர் போடுகிற டிரில்லர். பதினெட்டு வயதில் வண்டியேறியவன், நாற்பத்திரண்டு வயது வரைக்கும் ஆந்திரா, ஒடிசா, ராஜஸ்தான் என்று போய்ப் போய்ப் பாறையைத் துளைத்து அடுத்தவன் காட்டுக்கெல்லாம் தண்ணீர் வர வைத்தவன். கடைசியாகப் போன சத்தீஸ்கரில் ஒரு காய்ச்சல் வந்தது, வந்த காய்ச்சல் போகும்போது நெஞ்சுத் தசையின் வலுவையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. நிறைகிற ரத்தத்தில் பாதிக்கு மேல் தள்ளவேண்டிய இதயம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கைத் தள்ளிவிட்டு அதற்கே அலுத்துப் படுத்துக்கொண்டது. அதனால் நெஞ்சுக்குள் ஒரு சின்னப் பம்பை வைத்தார்கள். அது துடிக்கிற பம்ப் இல்லை, சுழல்கிற பம்ப். ரத்தம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஒரே சீராக ஓடும், கையில் வந்து தட்டாது. வயிற்றில் போட்ட ஓட்டை வழியாக ஒரு வயர் வெளியே வந்து இடுப்புப் பெட்டியில் சேரும், பெட்டிக்கு இரண்டு பேட்டரி, நடமாடும்போது தோளில் தொங்கும், படுத்தால் சுவரில் சொருகவேண்டும்.

"பம்ப் வேலை பாக்குற நேரத்துல இவரோட இதயம் ஓய்வு எடுத்துக்கும்மா," என்றார் டாக்டர். "சில பேருக்கு அப்படியே தசை தேறி வரும். தேறிட்டா பம்பை எடுத்துடலாம். ஒரு வருஷம் பாப்போம். ஆனா அந்த வயர் வர்ற எடம் பத்திரம். அதுல சீழ் வச்சுட்டா ரொம்ப நாள் ஓட்ட முடியாது."

ஊர் வந்து ஐந்தாவது வாரமே அங்கே சீழ் வைத்தது. ஆற்றினால் ஆறும், பத்து நாளில் மறுபடி கசியும். அன்றிலிருந்து சம்பூரணத்துக்கு வேறு நினைப்பு கிடையாது: புண் முற்றுவதற்குள் நெஞ்சு தேறவேண்டும், நெஞ்சு தேறினால் பம்ப் வெளியே வரும், பம்ப் வந்தால் வயர் வரும், வயர் வந்தால் புண் மூடும், புண் மூடினால் மனுசன் பிழைப்பான். பாத்திரம் விளக்கும்போதும் துணி காயப்போடும்போதும் இதையே வரிசையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

எருமக்காட்டுப் புதூரில் வீட்டுக்கு ஒரு ஆண் ரிக் வண்டியில் இருக்கிறான், ஊருக்குள் குடிக்கத் தண்ணீர் கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னால் செங்கோட்டுவேலே தன் கையால் மாரியம்மன் கோயில் முன்னால் அறுநூறு அடி ஓட்டிப் பார்த்தான். ஈரமே இல்லாமல் பாறைத்தூள்தான் பறந்தது. அதைப் புகை என்பார்கள். ஊரும் அதற்குப் புகை போர் என்று பேர் வைத்து, இரும்புப் பைப்பின் வாயில் ஒரு கல்லைத் தூக்கிவைத்து மூடிவிட்டு, நாடெல்லாம் தண்ணீர் எடுத்தவன் சொந்த ஊரில் புகை எடுத்தான் என்று அவனைப் பத்து வருஷமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்தது.

ஐப்பசியில் பக்கத்து வீட்டு வீராயி அந்தப் பைப்பில் ஆட்டைக் கட்டிவிட்டு விறகு பொறுக்கப் போனாள். திரும்பி வந்தபோது ஆடு மேயாமல் கழுத்தைச் சாய்த்துப் பைப்பில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தது. வீராயியும் வைத்துப் பார்த்தாள். பிறகு தெருவே வைத்துப் பார்த்தது. கீழே, ரொம்பக் கீழே, லப்டப் லப்டப் என்று ஒரு நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

சம்பூரணம் வந்து குனிந்து கேட்டாள். ஐந்து துடிப்பு சீராக வந்தது, ஆறாவது கொஞ்சம் தயங்கி ஏழாவதோடு சேர்ந்து விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் தலை வைத்துப் படுத்த நெஞ்சில் இந்தத் தயக்கம் இருந்தது. காணாமல்போன தூக்குப்போசிப் பாத்திரத்தை அடையாளம் சொல்கிறவள் மாதிரி நிமிர்ந்து, "எங்க ஊட்டுக்காரரதுதானுங்க," என்றாள்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. பங்காளி பாப்பண்ணன், அவரும் பழைய டிரில்லர்தான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நெஞ்சுக்குள்ள வேற ஆளு வந்து உக்காந்துட்டா அது பாவம் எங்கதான் போவும்? அவன் போட்ட ஓட்டை, அவனுக்குத்தான் பாத்தியம்," என்றார். ஊருக்கு அது நியாயமாகவே பட்டது. கல்லை மட்டும் எடுத்து வைத்தார்கள், மூச்சு முட்டக்கூடாது என்று.

மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கை அளவு, பைப்பின் வாயில் ததும்பி வழிந்தது. லேசாகக் கரித்தது, ஆனால் பருப்பு வெந்தது.

அந்தத் தண்ணீரை ஊர் பழக்கப்படுத்திக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைச் சொன்னால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். பைப்பைச் சுற்றி சிமெண்டு மேடை கட்டினார்கள், தெருவாரியாக முறை வைத்தார்கள், குடம் வைக்க வருகிற பெண்கள் முதலில் பைப்பின்மேல் புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுத்தான் குடத்தை வைத்தார்கள், விடிந்ததும் சம்பூரணத்தின் வீட்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அண்ணனுக்கு மனசு நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றால் அன்றைக்குத் துணி துவைக்க ஊறப்போட்டார்கள், யார் வீட்டில் கோழி அடித்தாலும் அவன் வீட்டுக்கு ஒரு கிண்ணம் போனது, யார் செத்தாலும் அவன் காதுக்குப் போகவில்லை, இழவு மேளம் அவன் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியாகச் சுடுகாட்டுக்குப் போனது, விருந்தாளிகள் நிறைந்த முகூர்த்த நாட்களில் பாப்பண்ணன் அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "ராய்ப்பூர்ல நீ ஓட்டுன போர் கோணலு, இன்னிக்கும் நாஞ் சொல்லுவன்," என்று ஆரம்பிப்பார், செங்கோட்டுவேலுக்குக் கோபம் ஏறும், கோயில் முன்னால் துடிப்பு விறுவிறுவென்று ஏறும், நாற்பது குடம் சேர்த்து நிறையும். எதற்காகச் சீண்டுகிறார் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் மனசாரக் கோபப்பட்டான், ஏனென்றால் அந்தப் போர் கோணல் இல்லை.

அவன் மட்டும் அந்தத் தண்ணீரின் பக்கத்தில் போகமுடியாது. வயர் நனையக்கூடாது. எதிரே வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் சேர் போட்டு, தோளில் இரண்டு பேட்டரியோடு உட்கார்ந்து, தன் நெஞ்சு ஊருக்கு ஊற்றிக் கொடுப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான். "ஏம்புள்ள, நல்லாத்தான் தள்ளுது இல்ல?" என்று சம்பூரணத்திடம் கேட்பான். பத்து வருஷக் கிண்டல் தீர்ந்த முகம் அது. அவளுக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மார்கழியில் சென்னைக்குப் போனார்கள். பன்னிரண்டு இருபத்திரண்டாகியிருந்தது. ஊரில் துடிப்புக்கு ஒரு கை வந்த தண்ணீர் இப்போது ஒரு டம்ளர் வந்தது. பங்குனியில் மறுபடி போனார்கள். திரையில் அவன் இதயம் ஒதுங்கிக் கிடந்த மூலையிலிருந்து எழுந்து சுருங்கிச் சுருங்கி விரிவதை டாக்டர் ஹெப்சிபா விரலால் தொட்டுக் காட்டினார்.

"முப்பத்தெட்டும்மா. நான் எதிர்பாக்கவே இல்ல. இப்படியே போனா ஆடி மாசம் பம்ப் வேகத்தைக் குறைச்சுப் பாப்போம், தாங்குச்சுன்னா எடுத்துடலாம்."

அதற்குப் பிறகும் டாக்டர் பேசினார். சம்பூரணத்துக்குக் காதில் விழவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது, டாக்டர் வாயைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். ரயிலில் வரும்போது செங்கோட்டுவேல், "கடேசியா என்னமோ சொன்னாங்களே?" என்று கேட்டதற்கு, "ஓய்வு நல்லா வேலை செய்யுதுங்களாமா," என்றாள். அப்படித்தான் அவள் நினைத்தாள்.

சித்திரை பிறந்தது. சுத்துப்பட்டு ஊர்களில் கிணறுகள் வறண்டன. சின்னியம்பாளையத்துக்காரர்கள் டிராக்டரில் டிரம் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், அவர்களைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்களும் வந்தார்கள், குடிக்கிற தண்ணீருக்கு வந்தவனை இல்லை என்று அனுப்புகிற வழக்கம் புதூரில் இல்லை, அதனால் வரிசை கோயிலைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, தார்ரோடு வரைக்கும் நின்றது. சம்பூரணம் பைப்பில் காதை வைத்தாள். துடிப்பு வேகமாக, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, ஓடி வந்தவன் மூச்சு வாங்குவது மாதிரி அடித்தது. காய்ச்சலுக்கு அப்புறம் அவன் நான்கு படி ஏறிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நாட்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. உள்ளே பம்ப் ஓய்வு கொடுத்துத் தேற்றுவதையெல்லாம் வெளியே ஊர் உறிஞ்சிக்கொள்கிறதே என்று நினைத்தாள்.

அந்த வாரம் புண் மோசமாகி அவனை ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துணைக்குத் தம்பியை உட்காரவைத்துவிட்டுச் சம்பூரணம் காலை பஸ்ஸில் ஊருக்கு வந்தாள், நேரே கோயிலுக்குப் போனாள், வரிசையில் நின்ற அத்தனை பேரையும் பார்த்துக் கையைக் கூப்பினாள்.

"அதைய ஒண்டியாத் தள்ள உடாதீங்க. கேட்டுப் பாருங்க, மூச்சு வாங்கி என்னமா இளைக்குது. எங்க ஊட்டுக்காரருக்கு உள்ள ஒரு பம்ப் வெச்சு நெஞ்சுக்கு ஓய்வு குடுத்தாங்கல்லங்க? அதே மாதிரி இதுக்கும் ஒண்ணு வெச்சுருங்க. அது சும்மா கெடக்கட்டும். மோட்டார் தள்ளட்டும்."

இதைக் கேட்க ஊர் காத்துக்கொண்டிருந்தது என்றுதான் சொல்லவேண்டும். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. பூமிக்குள் எது நடந்தாலும் மோட்டாரை இறக்கிச் சரிபண்ணிப் பழகிய சனம். தானாகத் ததும்பி வருகிற தண்ணீரைப் பார்த்தபோதெல்லாம் அவர்களுக்குக் கை அரித்துக்கொண்டேதான் இருந்தது, அவன் நெஞ்சு ஆயிற்றே என்று பொறுத்திருந்தார்கள். இப்போது பெண்டாட்டியே கேட்கிறாள். எத்தனை குதிரைச்சக்தி, எத்தனை அடியில் நிறுத்துவது என்பதில்தான் இரண்டு மணிநேரம் சண்டை நடந்தது, வேண்டுமா வேண்டாமா என்று ஒருவரும் பேசவில்லை. பாப்பண்ணன் கடைசியாக ஒரு கணக்குச் சொன்னார். மோட்டாருக்கு மஞ்சள் தடவி, பூ சுற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கி, வலிக்காமல் இறங்கு சாமி என்று மெதுவாக இறக்கினார்கள். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் முழங்கை கனத்துக்குச் சீறிக்கொண்டு வந்தது. குலவை போட்டார்கள்.

கரண்டு நின்ற ஒரு சமயம் சம்பூரணம் போய்க் காதை வைத்துப் பார்த்தாள். துடிப்பு நிதானமாக, மெதுவாக, அவசரம் எல்லாம் போய் அமைதியாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. நிம்மதியில் அழுதாள்.

ஈரோட்டிலிருந்து திரும்பிய செங்கோட்டுவேல் தெருமுனையில் நின்று மோட்டார் சத்தத்தைக் கொஞ்சநேரம் கேட்டான். வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தான். பாப்பண்ணன் வந்து ராய்ப்பூர்ப் போரைப் பற்றி ஆரம்பித்தார், பாதியில் அவருக்கே சுரத்துக் குறைந்துவிட்டது, அவனைக் கோபப்படுத்தவேண்டிய தேவை இப்போது ஊருக்கு இல்லை. காலையில் சுவருக்கு மேலே தலையை நீட்டுகிறவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மோட்டாருக்கு மனசு நன்றாக இருக்கிறதா என்று யார் கேட்கப்போகிறார்கள். புறங்கையை வைத்துப் பார்ப்பதும் நின்றது, பைப் எந்நேரமும் மோட்டார் அதிர்வில் அதிர்ந்துகொண்டிருந்ததால் வைத்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

ஆனியில் பெருங்காற்று அடித்துக் கம்பங்கள் சாய்ந்து மூன்று நாள் கரண்டு இல்லை. முன்னே வந்த மாதிரி தானாக வரும் என்று குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். வரவில்லை. சம்பூரணம் சனத்தை விலக்கிக்கொண்டு போய்க் காதை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். ஒரு துடிப்பு கேட்டது, நூல் கனத்தில். அடுத்தது வர அவள் ஒரு குடம் நிறைகிற நேரம் காத்திருந்தாள். எழுந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அன்றைக்கே தெரு மொத்தமும் சேர்ந்து கயிற்றைப் பிடித்து மோட்டாரை மேலே இழுத்தது. பிறகு என்ன செய்வது என்று கூடிப் பேசினார்கள். வற்றிய கிணற்றை அப்படியே விட்டால் ஊறும் என்பது அவர்களுக்குத் தெரிந்த ஒன்று. ஆகவே ஓய்வு கொடுப்போம் என்றார்கள். பைப்பின் பக்கம் யாரும் குடம் வைக்கவில்லை, ஆடு கட்டவில்லை, பிள்ளைகள் விளையாடவில்லை; நான்கு மைல் நடந்துபோய்த் தண்ணீர் தூக்கிவந்தார்கள், முணுமுணுக்காமல் தூக்கினார்கள், வீராயி தீபம் வைத்தாள். முழுசாக இருபத்தோரு நாள் அத்தனை பேரும் அத்தனை அன்போடு அதைச் சும்மா விட்டார்கள்.

ஆடி பதினெட்டு முடிந்து மறுவாரம் சென்னையில் பரீட்சை. அவனைப் படுக்கவைத்துப் பம்பின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். சம்பூரணம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று திரையைப் பார்த்தாள். பங்குனியில் எழுந்து சுருங்கி விரிந்தது இப்போது மடித்துவைத்த ஈரத்துணியாகக் கிடந்தது. செங்கோட்டுவேலின் உதடு வெளுத்தது, நெற்றியில் வேர்த்தது, டாக்டர் கையை உயர்த்தினார், வேகத்தை மறுபடி கூட்டிவிட்டார்கள்.

"என்னம்மா ஆச்சு?" டாக்டர் ஹெப்சிபா அவளை உட்காரவைத்துக் கேட்டார். "பங்குனில அவ்வளவு நல்லா வந்துச்சே. வேலையே கொடுக்காம போட்டுவச்ச தசை மாதிரி சுருங்கிப் போயிருக்கு. அப்பவே சொன்னேனே, ஓய்வு மட்டும் கொடுத்தா தேறாது, எங்கயோ அது வேலை செஞ்சு பழகுது, அதான் தேறுது, அதை நிறுத்திடாதீங்கன்னு."

"சொன்னீங்களா?"

"சொன்னேம்மா. நீங்க தலைய ஆட்டுனீங்க."

சம்பூரணம் இப்போதும் தலையை ஆட்டினாள். இனிமேல் தேறுமா என்று கேட்டாள். டாக்டர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். பம்ப் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்றார். வேறு இதயம் வைக்கலாம், அதற்கு முதலில் புண் ஆறவேண்டும், பம்ப் இருக்கிற வரைக்கும் புண் ஆறாது, சீழும் உள்ளே இறங்க ஆரம்பித்துவிட்டது என்றார். அவள் இத்தனை மாசமாக வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லி முடித்தார்.

வராந்தாவில் மத்தியான வெயில் அடித்தது. செங்கோட்டுவேல் பெஞ்சில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கேட்கும்வரை பொறுக்கமுடியாமல் அவளே சொன்னாள்.

"கழட்ட முடியாதாமுங்க. நெஞ்சு சுருங்கிப் போச்சாமா. நாந்தானுங்க மோட்டார் போடச் சொன்னேன். இளைக்குதேன்னு சொன்னேன். அது தள்ளித் தள்ளித்தான் தேறியிருக்குது, நாந்தான் நிறுத்திப்போட்டேன்."

அவன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்சு ஒருத்தி தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனாள். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள், கையை ஓங்கினாலும் தேவலை என்றிருந்தது, ஏதாவது ஒன்று அவனிடமிருந்து வந்து தன்மேல் விழவேண்டும் என்று மனசாரக் கேட்டாள்.

"எத்தனை அடில நிறுத்துனீங்க?" என்றான்.

"ஐநூத்தி நாப்பதுங்க. பாப்பண்ணன் சொன்னாரு."

அவன் கண்ணை மூடி, இருபத்துநான்கு வருஷத் தொழிலில் எத்தனையோ காட்டில் நின்று போட்ட கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தான்.

"சரியாத்தான் நிறுத்தியிருக்கீங்க," என்றான். "நானா இருந்தாலும் அங்கதான் நிறுத்தியிருப்பேன்."

இடுப்புப் பெட்டி கீச்சென்று கத்தியது. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. சம்பூரணம் பையைத் திறந்து ஒன்றைக் கழற்றினாள், புதிதை மாட்டினாள், பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்ததில் கையை வைத்தாள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றக்கூடாது என்று டாக்டர் முதல்நாள் சொன்னதை மட்டும் அவள் இன்றுவரை ஒருதடவைகூட மறந்ததில்லை.